மூன்றாவது வாய்தாவுக்கு யார் போவது: சாதி இழிவுக்கு எதிராகச் சென்னையில் ஒரு தெருக்குழுவை நடத்தும் முறை

ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலைக்கு மாலை அணிவிக்க நூறு பேர் திரளும் தெருவிலிருந்து, அதே தெருப் பெண் ஒருவர் கொடுத்த சாதி வன்கொடுமைப் புகாரின் மூன்றாவது வாய்தாவுக்கு ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வராததைச் சென்னையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நூறு பேருக்கும் அக்கறை உண்டு. அன்றைக்கு யார் வேலைக்கு விடுப்புப் போடுவது, யார் ஆட்டோவுக்குக் காசு கொடுப்பது என்பதை மட்டும் யாரும் முன்கூட்டித் தீர்மானித்து வைக்கவில்லை. ஒரு சிறு குழுவை எப்படி அமைப்பது, சம்பவம் நடந்த நாள் முதல் தீர்ப்பு நாள் வரை பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் எப்படி நிற்பது என்று சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். ஊர்வலத்தையும் முழக்கத்தையும் நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தில் வழக்குகள் தோற்றது, புகாரில் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டதாலும், துணைக்கு ஆளில்லாமல் சாட்சிகள் சோர்ந்து பிறழ்ந்ததாலும்தான்.

குழுவும் அதன் நோட்டும்

ஐந்து பேர் போதும். அவர்களில் ஒருவர் பிழையில்லாமல், சுற்றி வளைக்காமல் தமிழ் எழுதத் தெரிந்தவராகவும், ஒருவர் இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வரக்கூடியவராகவும், குறைந்தது இருவர் பெண்களாகவும் இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் பெண் ஒருவர் மணிக்கணக்கில் காத்திருக்கும்போது பக்கத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை. குழுவின் தலைமை தலித் மக்களிடம், முடிந்தால் அந்தத் தெருவிலேயே வாழ்பவர்களிடம் இருக்க வேண்டும். பிற சாதிகளில் பிறந்து இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் செய்ய ஏராளமாக இருக்கிறது: தங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வாய் திறப்பது, சாட்சி சொல்வது, வாய்தா நாளில் துணைக்குப் போவது. மேடையும் ஒலிவாங்கியும் அவர்கள் கைக்குப் போக வேண்டியதில்லை. கூடுவதற்குத் தெருவில் இருக்கும் மன்றமோ பிள்ளைகள் மாலையில் படிக்கும் இரவுப் பாடசாலையோ போதுமானது.

முதல் மாதம் செய்ய வேண்டியது ஒன்றே: ஒரு நீள நோட்டு வாங்கி, நடப்பதை எழுதி வைப்பது. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பைசா விலையில் வார இதழ் நடத்தியபோது, ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைத் தாங்களே எழுதி வைக்கும் பழக்கம் இந்த நகரத்தில் வேர்விட்டது. உங்கள் நோட்டு அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், பார்த்தவர்கள் ஆகியவற்றை எழுதுங்கள். உங்கள் கருத்தை அதில் எழுதாதீர்கள்.

சென்னையில் தீண்டாமை தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஊர்ப்பக்கத்து இரட்டைக் குவளை இங்கே வேலைக்கார அம்மாவுக்கென்று அடுப்படி ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளராகவும், ‘வேலையாட்கள் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது’ என்ற அறிவிப்பாகவும், ‘சைவம் மட்டும்’ என்ற வாடகைப் பலகையாகவும், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் ‘சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு’ என்று தொடங்கும் விசாரிப்பாகவும் வரும். பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எல்லோரும் புழங்கலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறு ஆண்டுகள் கழித்து லிஃப்டுக்காக அதே வாதத்தை நாம் செய்துகொண்டிருக்கிறோம். இவற்றுள் எது சட்டத்தின் பிடிக்குள் வரும், எது பேசித் திருத்த வேண்டியது என்று பிரிக்க உங்கள் நோட்டு உதவும். வாடகை வீடு மறுப்பதில் சட்டத்தின் பிடி தளர்வாகவே இருக்கிறது. தனி டம்ளர் விஷயத்தில் அந்த அம்மா தன் வேலையை இழக்கவும் கூடும். ஆகவே பாதிக்கப்பட்டவர் வேண்டாம் என்றால் குழு அடியெடுத்து வைக்கக் கூடாது. அவருடைய பெயரையோ, அவர் அழுகிற காணொளியையோ அவர் அனுமதியின்றி வாட்ஸ்அப்பில் பரப்புவது அவருக்கு இழைக்கப்படும் இரண்டாவது இழிவு.

புகார் எழுதுதல்

இந்தப் பகுதியில் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பாதி வழக்கு இங்கேயே முடிவாகிவிடுகிறது.

மக்கள் இன்றும் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அது 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் (ஆங்கிலச் சுருக்கம் பி.சி.ஆர்.) என்று பெயர் மாறியதிலிருந்து நிலைத்த வழக்கு. இப்போது நாம் பெரும்பாலும் நாடுவது 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பொதுப் பார்வையில் படும் இடத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதிப்பதும் மிரட்டுவதும் அதன் 3(1)(ஆர்) பிரிவிலும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) பிரிவிலும் வரும். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. குற்றம் செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராகவும், பாதிக்கப்பட்டவர் அவற்றைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும்.

இதில் சென்னையில் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதால், கிறித்தவராகச் சான்றிதழ் பெற்றிருக்கும் தலித் ஒருவருக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. இது பெரிய அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காவல் நிலைய வாசலில் அதைக் கண்டுபிடித்து நிலைகுலைவதைவிட, முன்னரே சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு வழக்கறிஞரிடம் வேறு பிரிவுகளைக் கேட்டு வைப்பது நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீட்டு வேலை செய்த பெண் ஒருவர் லிஃப்டில் ஏறியதற்காகச் சாதிப் பெயரால் திட்டப்பட்டார். அவர் எங்களிடம் கொண்டுவந்த புகாரில், ‘குடியிருப்பில் ஒருவர் என்னைச் சாதியைச் சொல்லிக் கேவலமாகத் திட்டிவிட்டார், நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற ஒற்றை வாக்கியமே இருந்தது. அவருக்கு நேர்ந்தது முழுவதும் அதில் இருக்கிறது. சட்டத்துக்கு வேண்டியது எதுவும் இல்லை. உட்கார்ந்து மறுபடி எழுதினோம். காலை எட்டே முக்கால் மணிக்கு, கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு முன்னால், வாட்ச்மேனும் பால் போட வந்தவரும் மூன்றாம் தளத்து அம்மா ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கையில், நான் இன்ன சாதியைச் சேர்ந்தவள் என்று அறிந்தவரான அந்த நபர், என்னைப் பார்த்து இந்தச் சொற்களைச் சொன்னார் என்று எழுதிய பிறகு, அந்தச் சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுத வேண்டியிருந்தது. பேனா நின்றுவிட்டது. “அந்த வார்த்தையை நான் என் கையாலயே எழுதணுமாக்கா?” என்று கேட்டார். நான் எழுதினேன்; அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு அவரே தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. நான்கு சுவருக்குள் பிறர் யாரும் இல்லாதபோது சொல்லப்பட்டது பொதுப் பார்வையில் சொல்லப்பட்டதாகாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது; அதனால்தான் லிஃப்ட் வாசலும் பார்த்தவர்களும். இந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி முன்ஜாமீன் கிடையாது என்றாலும், புகாரை மேலோட்டமாகப் படிக்கும்போதே குற்றத்தின் கூறுகள் தென்படாவிட்டால் நீதிமன்றம் முன்ஜாமீன் கொடுக்கலாம். ஆகவே தெளிவில்லாத புகார், எதிராளிக்கு நாமே எழுதிக் கொடுக்கும் முன்ஜாமீன் மனு. அதே அளவுக்கு இதையும் வலியுறுத்துகிறேன்: நடக்காத ஒன்றை, வலுவூட்டும் என்று யார் சொன்னாலும், சேர்க்காதீர்கள். ஒரு பொய்ச் சொல் குறுக்கு விசாரணையில் உடைந்தால், உண்மை முழுவதும் அதோடு போய்விடும்.

புகார் எழுதிய அன்றே இன்னொரு கடிதமும் போக வேண்டும். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு, குறிப்பிட்ட நாள், நேரத்தின் சிசிடிவி பதிவை அழிக்காமல் காக்குமாறு எழுதி, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பமிட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். சில நாள்களில் பழைய பதிவின் மேல் புதியது பதிந்துவிடும். வீட்டு வேலை செய்பவர் மீது ஒரு வாரத்துக்குள் ‘நகை காணவில்லை’ என்ற எதிர்ப்புகார் வருவதும் வழக்கம் என்பதால், சம்பளம் வந்த ஜிபே பதிவு, வாசல் வருகைப் பதிவேட்டின் படம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

காவல் நிலையத்தில்

துணைக்குப் போகும் உங்களைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்பார்கள். தொண்டு அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 15ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், பணிவாகக் காட்டுங்கள், குரலை உயர்த்தாதீர்கள்.

அடுத்து வரும் பேச்சு எல்லா நிலையங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: “இதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். எதுக்கும்மா, கூப்பிட்டுப் பேசி அனுப்பிடுறோம்.” பிறகு ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டுவார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான சான்று மட்டுமே. அது எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை ஆகாது, அதிலிருந்து வழக்குத் தொடங்காது. அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பி, ஒரு மாதம் கழித்து வழக்கே இல்லை என்று தெரிந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். ரசீதை வாங்குங்கள், ஆனால் எஃப்.ஐ.ஆர். கேட்டு அங்கேயே உட்காருங்கள். பதிவு செய்வதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்ந்த 18ஏ பிரிவு கூறுகிறது. அதை 2020இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதினால், கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்ட வேண்டியது அதிகாரியின் கடமை என்பதும், கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்பதும் 4ஆம் பிரிவில் உள்ளன. இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னாலே பல நேரம் போதும்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வாங்கியவுடன் வாசலைத் தாண்டும் முன்பே, அதில் வன்கொடுமைச் சட்டப் பிரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் பொதுக் குற்றவியல் சட்டமான நியாய சன்ஹிதாவின் பிரிவுகளை மட்டும் போட்டிருந்தால், சேர்க்கச் சொல்லி அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

மறுத்துவிட்டால், அதே புகாரை, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் துணை ஆணையருக்கும் வேப்பேரியில் உள்ள ஆணையருக்கும் அனுப்புங்கள். 2022 முதல் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்கள் என்பதால், சம்பவ இடம் யாருடைய எல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய பட்டியல் சாதிகள் ஆணையத்தின் அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2021இல் சட்டமியற்றி அமைக்கப்பட்ட மாநில ஆணையமும் உண்டு. வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. இவை எதுவும் அசையாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவில் குற்றவியல் நடுவரிடம் போகலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டும், ஆனால் காசு வேண்டியதில்லை: பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு

வழக்கை விசாரிக்க வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. சென்னையில் அது உதவி ஆணையர். குற்றப் பத்திரிகை 60 நாள்களுக்குள் தாக்கலாக வேண்டும். நாள்காட்டியில் 45ஆம் நாளை வட்டமிட்டு, அன்று உதவி ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு கடிதத்துடன் போங்கள். பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணமான தீருதவித் தொகையின் முதல் தவணையை 7 நாள்களுக்குள் கொடுக்க விதி இருக்கிறது, ஆனால் கேட்காமல் அது வருவதில்லை, எஃப்.ஐ.ஆர். நகல், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை இணைத்து ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, மனு எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதி. சென்ற ஆண்டு எத்தனை முறை கூடியது, கூட்டக் குறிப்பின் நகல் எங்கே என்று பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். ஆர்ப்பாட்டம் நடத்த வேண்டியிருந்தால், நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி ஐந்து நாள்களுக்கு முன்பே அனுமதி கோரி விண்ணப்பித்து, அதற்கும் ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

குழிக்குள் ஆள் இறங்கும்போது

சென்னையில் சாதி நேரடியாக உயிரைப் பறிக்கும் இடம் கழிவுநீர்த் தொட்டி. பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்க் குடியிருப்புகளில் தொட்டி நிரம்பியதும் யாரோ ஒருவர் மூலமாக இரண்டு பேர் வாளியும் கயிறுமாக வருவார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை, கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். மூடியைத் திறந்தவுடன் நாறுகிறதா என்று முகர்ந்து பார்த்து இறங்குவது வழக்கம். ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற கணமே ஆபத்தான கணம். ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இரண்டாமவர் குதிப்பார், அவரும் மீளமாட்டார்.

இப்படி ஒன்றைக் கண்டால் முதலில் அந்தத் தொழிலாளர்களிடம் பேசுங்கள், அவர்களின் அன்றையக் கூலி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வரவழைத்தவரிடம் போங்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணியைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்புக் கருவிகளின்றித் தொட்டிக்குள் இறக்குவதைத் தடுக்கிறது. நேரடியாக அமர்த்தினாலும் ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தினாலும் முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சங்கச் செயலாளர்கள் பலர் இதை ஒப்பந்தக்காரரின் தலைவலி என்றே நம்புகிறார்கள். பொறி கொண்டு உறிஞ்சும் லாரிக்கு 14420 என்ற எண்ணை அவர்கள் கையில் கொடுங்கள்.

இறப்பு நேர்ந்துவிட்டால், உடலை வாங்கும் முன்பே எஃப்.ஐ.ஆரில் 2013ஆம் ஆண்டுச் சட்டமும், இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைச் சட்டமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘தவறி விழுந்தார்’ என்று எழுதப்பட்ட வழக்கு அந்தக் குடும்பத்தின் உரிமையை அடியோடு அறுத்துவிடும். 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் வகுத்த இழப்பீட்டை, 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. அடக்கச் செலவுக்கென்று யாராவது ஒரு கவரை நீட்டி வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால், அந்த நேரத்தில் அந்த மனைவியின் பக்கத்தில் உங்களில் ஒருவர் இருக்க வேண்டும்.

வாய்தா நோட்டு

கடைசியாக, எல்லாவற்றிலும் நீளமான வேலை. குற்றப் பத்திரிகை தாக்கலான பின் கூடுமானவரை இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக ஆண்டுகள் ஓடிவிடும். ஜாமீன் விசாரணை உட்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் முன்னறிவிப்புப் பெறவும், தன் தரப்பைச் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு 15ஏ பிரிவில் உரிமை உண்டு. அதே பிரிவில் அவருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவும் உண்டு. அது கைக்கு வரும்வரை குழுவே கொடுத்துச் சமாளிக்க வேண்டும். ஒரு நாள் கூலி, ஆட்டோ, சாப்பாடு என்று கணக்குப் போட்டு, மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்து வைத்தால் போதும்.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து வாய்தாத் தேதிகளை எழுதுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இரண்டு பெயர்கள்: போகிறவர், அவரால் முடியாமல் போனால் போகிறவர். பால் போடுகிறவரைப் போன்ற சாட்சிகளை முந்தைய நாள் மாலை நேரில் போய்ப் பாருங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுக்காதீர்கள், ‘பார்த்ததைச் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்’ என்பது மட்டும் போதும். அவரை மிரட்டியவர்கள் யாராவது வந்தார்களா என்று கேளுங்கள். வந்திருந்தால் அன்றிரவே எழுத்தில் புகார் போக வேண்டும்.

எங்கள் நோட்டில் லிஃப்ட் வழக்குக்கு இப்போது பதினோரு தேதிகள் இருக்கின்றன. அவற்றில் ஆறாவது தேதி வந்தது முதல், அதே நோட்டில் வேறொரு தெருவின் வழக்குக்கு நேராக, ‘போகிறவர்’ பத்தியில் அந்தப் பெண்ணின் பெயரும் இருக்கிறது. புகார் எழுத உட்காரும் பெண்களின் பேனா அந்தச் சொல்லின் முன் நின்றுவிடும்போது, அவரே தாளை வாங்கி எழுதிக் கொடுக்கிறார்.